உறைந்த கப்பலும் செவன் கிங்ஸ் வீடும்

அருங்காட்சியகத்தில் என் வேலை நிற்பது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேம்ஸ் கரையிலிருந்த அந்தக் கட்டடத்தில், துருவக் கடல்களுக்குப் போன பழைய கப்பல்களின் பொருட்களை வைத்திருந்த அறையில் நிற்க வேண்டும். பிள்ளைகள் கண்ணாடியில் கை வைத்தால் தடுக்க வேண்டும். கழிவறை எங்கே என்று கேட்டால் கையைக் காட்ட வேண்டும். மிச்ச நேரமெல்லாம் சும்மா நிற்கலாம். சும்மா நிற்பது எனக்கு வராது. காலை மாற்றி மாற்றி ஊன்றுவேன், சுவரோரம் நாலு அடி போவேன், திரும்பி வருவேன். அப்படி அலைந்து அலைந்து அங்கிருந்த குறிப்புகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஒரு கம்பளிக் கையுறை. பனி வெளிச்சம் கண்ணைக் கெடுக்காமல் இருக்க, மரத்தில் செய்து நடுவில் கீறல் விட்ட கண்மூடி. இறைச்சி அடைத்த தகர டப்பா. ஒரு தேக்கரண்டி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குக் கொத்தினவர். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனாலோ என்னவோ, எழுத்தில் இருப்பதை நான் அப்படியே நம்புவேன். அச்சில் வந்ததென்றால் இன்னும் கூடுதலாக நம்புவேன். இரண்டாயிரத்தின் அந்த முதல் வருடங்களில் மாலை வகுப்புகளில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பட்டத்துக்கு ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும் என்றபோது வேறு தலைப்பைத் தேடவில்லை. வட துருவக் கடலில் குளிர்காலத்தைக் கழித்த பழைய கப்பல்களைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆசியாவுக்குக் குறுக்குவழி தேடி வடக்கே போன கப்பல்கள் அவை. கோடை முடிந்ததும் கடல் உறைந்து, கப்பலைச் சுற்றிப் பனி இறுகிவிடும். அதற்குப் பிறகு முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. சூரியன் ஒருநாள் மறைந்தால் மாதக்கணக்கில் திரும்பி வராது. தளத்துக்கு மேலே பாய்ச்சீலையைக் கூரையாகக் கட்டி, பக்கங்களில் பனியை அணைத்து, அடுத்த கோடைவரை உள்ளே இருப்பார்கள். கடல் எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது.

கிழக்கு லண்டனில், எங்கள் செவன் கிங்ஸ் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். நான் அவரை அண்ணை என்றே கூப்பிட்டேன். நாடு விட்டு வந்து அகதிக் கோரிக்கை வைத்தவர். ஊரில் போர் நிறுத்தம் வந்ததும், இப்போது சமாதானம்தானே, திரும்பிப் போகலாம் என்று சொல்லி அதை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு போட்டிருந்தார். அது வென்றால் யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். தோற்றால் விமானம்தான். வேலை செய்யவும் அனுமதி இல்லை. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து, பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து வைக்கப் போவதைத் தவிர அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. மேல் மாடி அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். வீட்டுக்குள்ளும் கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேட்டோடுதான் இருப்பார்.

வீடு ஜேர்மன் அண்ணையின் பெயரில் இருந்தது. பல வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு லண்டன் வந்து பெற்றோல் செட்டில் வேலை செய்தவர் என்பதால் அந்தப் பெயர். அவருக்கு என் கட்டுரை ஒரு பெரிய பொழுதுபோக்கு.

"தம்பி, அந்தக் கப்பலில எத்தினை பேர் இருந்தவை?"

"பெரிய கப்பலெண்டா அறுபது, எழுபது பேர் அண்ணை."

"கக்கூஸ்?"

எனக்குத் தெரியவில்லை. நான் அதுவரை வாசித்த புத்தகங்களில் அது இல்லை.

"என்ன படிப்படா படிக்கிறாய்? முக்கியமான விசயத்தை விட்டிட்டு. இஞ்ச மூண்டு பேருக்கு ஒண்டு, அதுக்கே காலமை சண்டை."

அண்ணை தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். எப்படியாவது அவரையும் பேச்சுக்குள் இழுக்க வேண்டும் என்று, அந்தக் கப்பல்களில் வந்த நோயைப் பற்றிச் சொன்னேன். பச்சைக்கறியும் பழமும் இல்லாமல் ஸ்கர்வி வரும், ஈறு வீங்கும், பல் ஆடும். "எல்லாத்திலயும் மோசம் என்னெண்டா, பழைய காயங்கள் திறக்கும். எப்பவோ ஆறின வெட்டுக்கூட, நேற்று வெட்டினது மாதிரித் திறந்திடுமாம்."

அவர் கை நின்றது. "உண்மையாவோ?"

"ஓம் அண்ணை. எழுதி வைச்சிருக்கினம்."

"அப்ப எனக்கு உது வந்தா நல்லம். என்ர தழும்புகளைப் பாத்த டொக்டர், 'இது எப்பிடியும் வந்திருக்கலாம்' எண்டு எழுதிப்போட்டான். ஜட்ஜுக்கு முன்னால சேட்டைக் கழட்ட, அந்த இடத்திலயே திறந்து இரத்தம் வடிஞ்சா, பிறகு ஆர் இல்லை எண்டு சொல்லுறது?"

ஜேர்மன் அண்ணை பலமாகச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அன்றிரவு எனக்குப் படிப்பு ஓடவில்லை.

அந்தக் காலத்துக் கப்டன் ஒருவர் தன் ஆட்களை எப்படிக் குளிர்காலம் முழுவதும் காப்பாற்றினார் என்று நான் வரி வரியாக வாசித்திருந்தேன். படுக்கையில் கிடக்க விடமாட்டார். வெளியே போக முடியாத நாட்களில், கைபிடியைச் சுற்றினால் பாடும் இசைப்பெட்டி ஒன்றை வைத்து, அதன் தாளத்துக்குத் தளத்தைச் சுற்றி ஓட வைப்பார். எலுமிச்சைச் சாறு கொடுப்பார். ஊற்றிவிடாமல் இருக்க, ஓர் அதிகாரி முன்னால் நின்று குடிக்க வேண்டும். தன் அறையில் அடுப்புக் குழாய்க்குப் பக்கத்தில் பெட்டிகளில் கடுகு விதைத்து, முளையை நோயாளிகளுக்குப் பங்கிடுவார். புத்தகத்தில் இருந்தது, பலித்தும் இருந்தது. பிறகு எனக்கு என்ன யோசனை வேண்டும்?

முதலில் நடை. அண்ணையை எழுப்பி, என் குளிர் அங்கியைப் போட்டுவிட்டு, பார்க்குக்குக் கூட்டிப்போனேன்.

"எங்கை போறம்?"

"ஒரு இடமும் இல்லை அண்ணை. சுத்தி நடக்கிறம்."

"போக இடமில்லாமல் நடக்கிறவனை ஊரில விசரன் எண்டு சொல்லுறது."

"அவையள் இப்பிடித்தான் தப்பினவை."

"அவையளுக்கு நாயாவது இருந்திருக்கும்." பார்க்கில் எங்களைத் தவிர எல்லோரும் நாயோடு வந்திருந்தார்கள்.

பிறகு தேசிக்காய்த் தண்ணீர். காலையில் ஒரு கிளாஸ் கரைத்துக் கொடுத்துவிட்டு முன்னால் நிற்பேன். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு விறைப்பாக நின்று, "குடிச்சிட்டன் ஒபிசர். வாயைத் திறந்து காட்டவோ?" என்பார்.

கடைசியாகக் கடுகு. ஈரப் பஞ்சில் தூவி ஹீற்றருக்கு மேலே சாப்பாட்டுத் தட்டுகளில் வைத்தேன். ஜேர்மன் அண்ணை வேலையால் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"கடுகு தாளிக்கிறதுக்கடா. விதைக்கிறதெண்டா ஊரில காணி கிடக்கு."

திரைச்சீலை எப்போதும் மூடிக் கிடந்த வீடு அது. முளை வெளுத்து மஞ்சளாக வந்தது. வெளிச்சம் இல்லாததால் கப்டனின் கடுகும் அப்படித்தான் வெளுத்து வந்ததாம். அந்த ஒற்றுமை எனக்குப் பெரிய சந்தோசம்; ஏதோ தேர்வில் பாஸானது மாதிரி. அண்ணை ஒரு பிடி பிடுங்கி வாயில் போட்டார். "உறைக்குது," என்றார். பிறகு தட்டைக் கையில் எடுத்து முழுவதையும் தின்றார்.

"ஆக்கள் எல்லாரும் சந்தோசமா இருந்தவை எண்டுதான் கப்டன் எழுதியிருக்கிறார்," என்று நான் உற்சாகமாகச் சொன்னேன்.

"நானும் பெற்றோல் செட்டில மனேச்சருக்கு முன்னால ஒவ்வொரு நாளும் சந்தோசமாத்தான் இருக்கிறன்," என்றார் ஜேர்மன் அண்ணை.

இருந்தாலும் அண்ணையில் ஒரு மாற்றம் தெரிந்தது. நான் எழுப்பாமலே எழும்பினார். மீன் வெட்டினார். விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது; அங்கே அவர் வாய் திறந்து பேச வேண்டும். பேசுவார் என்று எனக்கு நம்பிக்கை வரத் தொடங்கியிருந்தது.

வீட்டில் ஒரு விதி உண்டு. ஜேர்மன் அண்ணை வைத்தது. வாசல் நடையில் இருந்த தொலைபேசியில் யாராவது ஆங்கிலத்தில், முழுப் பெயரைச் சொல்லி ஆளைக் கேட்டால், 'அவர் கனடா போய்விட்டார்' என்று சொல்லி வைத்துவிட வேண்டும். முன்பு அங்கே குடியிருந்தவர்களைத் தேடி, பாக்கிக் காசு கேட்டு ஏதாவது கம்பெனி எடுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் நீளப் பெயரை உடைத்து உடைத்து ஒரு குரல் சொன்னால் அது சொந்தக்காரர் இல்லை என்று அர்த்தம். செவன் கிங்ஸிலும் ஈஸ்ட் ஹாமிலும் நான் இருந்த எல்லா வீடுகளிலும் இந்த விதி இருந்தது. அந்தக் கணக்கில் லண்டன் தமிழரில் பாதிப் பேர் கனடாவில்தான் இருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் மீன் குழம்பு மணத்தது. அண்ணை அகப்பையோடு நின்றார். முகத்தில் நான் பார்த்திராத ஒரு பெருமை.

"தம்பி, இண்டைக்கு நான் இங்கிலிஸ் கதைச்சனான்."

"ஆரோட?"

"ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ரெலிபோன் எடுத்தது. என்ர முழுப் பேரையும் கடிச்சுக் கடிச்சுக் கேட்டது. நான் விடேல்லை. 'ஹி கோன் கனடா' எண்டன். 'வென்?' எண்டுது. 'லாஸ்ட் வீக். வித் பமிலி' எண்டன்."

"வித் பமிலியோ!" ஜேர்மன் அண்ணை கை தட்டினார். "மச்சான், நீ பெரிய ஆளடா. அது எனக்கே வராது."

நான் அண்ணை பக்கம் திரும்பினேன். "உங்கட பேரையோ கேட்டவை?"

"ஓம், என்ர பேர்தான்."

"அண்ணை, உங்கட பேரில இஞ்ச ஒண்டும் இல்லையே. கரண்ட் இல்லை, காஸ் இல்லை, மொபைல் இல்லை. உங்களை எந்தக் கம்பெனி தேடும்?"

நான் நடைக்குப் போய் 1471 அடித்தேன். கடைசியாக அழைத்த எண்ணைச் சொல்லும் சேவை அது. குரல் சொன்ன எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையோடு ஒத்துப் பார்த்தேன். அண்ணையின் வழக்கைப் பார்த்த லோயரின் அலுவலகம். திருப்பி எடுத்தால் பூட்டிவிட்டார்கள், இயந்திரம்தான் பேசியது. அவர் போகவில்லை, இங்கேதான் இருக்கிறார் என்று அதற்கு இரண்டு தரம் சொன்னேன்.

மறுப்புக் கடிதத்தோடு வந்த தாள்களை அவருக்கு வாசித்துச் சொன்னவன் நான்தான். மேல்முறையீடு செய்தவர் நாட்டை விட்டுப் போனால், முறையீட்டை அவரே விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன்.

அண்ணை அடுப்பை அணைத்தார். "அப்ப நான் என்ர வாயாலயே என்னை அனுப்பிப்போட்டன்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை அருங்காட்சியகத்தில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு கிழவி என்னிடம், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டாள். திங்கள் காலைவரை செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் தாங்கவில்லை.

ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தபோது இருவரும் அடுப்படியில் இருந்தார்கள். கள்ளப் பாதையில் ஆட்களை அனுப்பும் யாரோ ஓர் ஏஜென்டைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"தம்பி," என்றார் அண்ணை, "உண்மையாவே கனடா போனா என்ன?"

"அண்ணை, நீங்கள் இப்ப வெளிக்கிட்டா வெள்ளிக்கிழமை சொன்ன பொய் உண்மையாயிடும்."

"இஞ்ச இருந்தாலும் அனுப்பத்தானே போறாங்கள். சமாதானமாம்." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "உன்ர கப்பல்காரர் என்ன செய்தவை? கடல் விடேல்லை எண்டா?"

"சிலர் கப்பலோடயே இருந்தவை. சிலர் கப்பலை விட்டிட்டுப் பனியில நடந்து போனவை."

"ஆர் தப்பினது?"

இருந்தவர்கள்தான் என்று சொல்ல வாய் வந்தது. மாதக்கணக்காக அப்படி ஒரு விதி கிடைக்காதா என்றுதான் நான் புத்தகங்களைப் புரட்டினேன். கிடைக்கவில்லை. "இருந்தவையிலயும் தப்பினவை இருக்கினம், செத்தவை இருக்கினம். நடந்தவையிலயும் அப்பிடித்தான்."

"அப்ப உன்ர படிப்பால ஒரு பிரியோசனமும் இல்லை." கோபத்தோடு சொல்லவில்லை. நேரம் என்ன என்று சொல்வது போலச் சொன்னார்.

திங்கள் காலை நான் கூப்பிடுவதற்கு முன்பே சப்பாத்தோடு கீழே நின்றார். லோயர் அலுவலகம் அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு சேலைக்கடைக்கு மேல் மாடியில். இரண்டு பஸ் ஏற வேண்டும். இரண்டாவது பஸ் ஃபாரஸ்ட் கேட் தாண்டியதும் நெரிசலில் நின்றது. நின்றது நின்றதுதான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இப்போது நகரும், இப்போது நகரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணை எழும்பி மணியை அடித்தார்.

"இறங்கு. நடப்பம்."

"இப்ப எடுத்திடும் அண்ணை."

"நீ இருந்து வா. நான் போறன்."

கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே அவர் விறுவிறு என்று நடந்தார். என்னால் பக்கத்தில் வர முடியவில்லை. பஸ் எங்களைத் தாண்டிப் போகவேயில்லை.

அலுவலக வரவேற்பில் இருந்தது இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. அண்ணை பெயரைச் சொன்னதும் எழும்பி நின்றுவிட்டது.

"அங்கிள்! யூ ஆர் இன் கனடா!"

"இல்லைப் பிள்ளை. இஞ்சதான் நிக்கிறன்."

"பட் யாரோ ஃபோன்ல சொன்னது, நீங்க ஃபமிலியோட போயிட்டீங்க எண்டு. ஹூ வாஸ் தற்?"

அண்ணை தலையைக் குனிந்தார். "நான்தான்."

அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்க வாயைப் பொத்தியது, பிறகு சிரிக்கவில்லை. வியாழக்கிழமை விசாரணை என்று நினைவூட்டத்தான் எடுத்தார்களாம். ஆள் இல்லை என்று வெள்ளியே நீதிமன்றத்துக்கு ஃபாக்ஸ் போய்விட்டது. லோயர் உள்ளேயிருந்து வந்து அண்ணையைத் தலை முதல் கால்வரை பார்த்தார். இப்போதே மறுத்து எழுதுகிறேன், ஆனால் போனது போனதுதான், வியாழக்கிழமை இவர் தானே அங்கே நின்று விளக்கம் சொல்ல வேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

புதன்கிழமை ஏஜென்டிடமிருந்து ஆள் வந்தது. அண்ணை வாசலில் வைத்தே பேசி அனுப்பினார். "நான் இல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற ஆக்களுக்கு முன்னால ஒருக்காப் போய் நிக்கவேணும்," என்று மட்டும் எங்களிடம் சொன்னார்.

விசாரணை அறை சின்னது, வகுப்பறை மாதிரி. நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், டை கட்டியிருந்தார். நீதிபதி கையில் அந்த ஃபாக்ஸ் இருந்தது.

"நீங்க கனடா போயிட்டதா அவங்ககிட்ட சொன்னது யாருன்னு கேக்குறார்."

"நான்தான். ஆர் இங்கிலிஸில முழுப் பேரைச் சொல்லிக் கேட்டாலும், கனடா போட்டார் எண்டு சொல்லுறது எங்கட வீட்டு வழக்கம்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். "அப்படியே சொல்லிடவா சார்?"

"ஓம். அப்பிடியே சொல்லுங்கோ."

நீதிபதி சிரிக்கவில்லை. யார் பேசுவது என்றாவது கேட்டிருக்கலாமே, நான்தான் என்று சொல்வதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார். அது மொழிபெயர்ந்து வந்ததும் அண்ணை மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஊரில ஒருநாள் விடிய, முழுப் பேரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தவை. 'ஓம், நான்தான்' எண்டு சொன்னனான். மகள் இடுப்பில இருந்தவள்."

நீதிபதி ஃபாக்ஸைப் புரட்டி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அங்கிருந்து தொடங்குங்கள் என்றார்.

அண்ணை திரும்பி என்னைத் தேடினார். "தம்பி, நீ வெளியில நில்."

வெளியே போனேன். கதவு தடித்த கதவு, ஒன்றும் கேட்கவில்லை. மதியம் அது திறந்தபோது முதலில் மொழிபெயர்ப்பாளர் வந்தார். டையைத் தளர்த்தியிருந்தார். "நீங்க அவரோட தம்பியா?" என்று கேட்டார். ஒரே வீட்டில் இருக்கிறோம் என்றேன். ஏதோ சொல்ல வந்து, விட்டுவிட்டு, படியிறங்கிப் போனார்.

அண்ணை முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவர் இந்த நாட்டில் இருக்கலாம் என்ற தீர்ப்பு பிறகு, மரங்கள் துளிர்க்கும்போதுதான் வந்தது. அன்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பசிக்குது என்றார். மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு தெருவோர இருக்கை ஒன்றில் உட்கார்ந்தோம். குளிரில் பொட்டலத்திலிருந்து ஆவி வந்தது.

"எல்லாம் சொன்னனீங்களோ அண்ணை?"

"ஓம்."

"நம்பினவரோ?"

"தெரியாது. எழுதினவர். ஒரு இடத்திலயும் நிப்பாட்டேல்லை." அவர் சிப்ஸ் ஒன்றை எடுத்துவிட்டு வாயில் போடாமல் வைத்திருந்தார். "கடைசியா ஒண்டு கேட்டவர். மகளுக்கு இப்ப எத்தினை வயசு எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

"சட்டெண்டு வரேல்லை, தம்பி," என்று சொல்லி, எண்ணெய் பட்ட விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார்.